படிக்க மட்டும்

படிக்க மட்டும் என்று திரையின் தலைமாட்டில் வந்து நின்ற வரியைப் பார்த்ததும் பங்கயச்செல்விக்கு வந்த கோபம் முதலில் கணினியின் மேல்தான் பாய்ந்தது, எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று அடுத்த நொடியே தோன்றியும் அது அடங்கவில்லை, ஒரே ஒரு எழுத்து, ஒரு க், அதைக்கூட உள்ளே விட மாட்டாயா நீ என்று விசைப்பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். காலையில் ரயிலிலிருந்து அறவாழி கூப்பிட்டபோது அவள் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள், ஈரக்கையோடு காதில் வைத்தால் ஊரே பற்றிக்கொண்ட மாதிரி ஒரு குரல். "பங்கயம், மானம் போச்சு. முகப்புத் தலைப்புல ஒத்து விட்டுப்போச்சு. கணினி கலைச்சொற் களஞ்சியம்னு இருக்கு. நடுவுல க் எங்க? தமிழ்ப் பேராசிரியன் புத்தகத்துல மொத வரியிலயே ஒற்றுப்பிழைன்னா ஊரு கைகொட்டிச் சிரிக்காதா? சாயங்காலம் அச்சுக்குப் போகுது. முகப்புன்னு ஒரு கோப்பு என் பக்கத்துல இருக்கு. நீ உன் பக்கத்துலேருந்தே திறந்து, ஒரு க் போட்டு, அங்கயே சேமிச்சு, ஷாகுல் பாய்க்கு அனுப்பிடு. படி கிடி எடுத்து வெச்சுக் குழப்பாத, என்ன?" சரிங்க என்றாள். சரிங்க என்று சொல்லிச் சொல்லியே வாய் அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது. அவருக்குத் திருநெல்வேலியில் கருத்தரங்கம், அமர்வுக்குத் தலைமை, பொன்னாடை, பிறகு பேச்சு. இவளுக்குத் திருச்சியில், உறையூர் வீட்டு மாடியறையில், அனல் இறங்கும் கூரைக்குக் கீழே, ஒரு க்.

உன் பக்கம், என் பக்கம் என்று அவர் சொன்னது ஒரே பெட்டிக்குள் இருக்கிற இரண்டு குடித்தனத்தை. ஒரு கணினிதான். அதன் ஹார்ட் டிஸ்க் வட்டைப் பாதியாய்ப் பிரித்து, ஒரு பாதியில் அவருடைய விண்டோஸும் மறு பாதியில் அவளுடைய லினக்ஸும் இருக்கும்படி அமைத்தவள் அவளேதான். திறக்கும்போதே எந்தப் பக்கம் போகிறாய் என்று அது கேட்கும். அவர் பக்கத்துக்குக் கடவுச்சொல் உண்டு, அது அவளுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை, அங்கே என் கோப்பெல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது, நீ போனால் அடுக்கி வைத்துவிடுவாய், பிறகு எனக்கு எதுவும் கிடைக்காது என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார், இவளும் சிரித்தாள். தன் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் பக்கத்து வட்டை அந்நிய வட்டாக ஏற்றித்தான் அவள் எதையும் பார்க்க வேண்டும். ஏற்று. அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க அவள் பட்ட பாடு. ஆங்கிலத்தில் மவுண்ட் என்கிறார்களே, அதற்குப் பொருத்து என்றார்கள் சிலர், இணை என்றார்கள் சிலர். இல்லை, கணினி தன் மரத்தில் இன்னொரு மரத்தின் கிளையை ஏற்றுக்கொள்கிறது, ஆகவே ஏற்று என்று ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தைக் கலக்கியபடி அவரிடம் சொன்னாள். அவர் உம் கொட்டிக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினார். அடுத்த மாதம் ஒரு மேடையில், மூன்றாவது வரிசையில் இவள் உட்கார்ந்திருக்க, மரமும் கிளையும் அவர் வாயிலிருந்து ஒலிபெருக்கி வழியாக வந்தன, கூட்டம் கைதட்டியது, இவளும் சேர்ந்து தட்டினாள், பக்கத்தில் இருந்த அம்மாள் சார் என்ன அழகாச் சொல்றாரு என்றபோது ஆமாங்க என்றும் சொன்னாள். இப்போது அந்தக் கைதட்டலை நினைத்தால் உள்ளங்கை கூசுகிறது.

சரி, அதெல்லாம் பழங்கதை, குடும்பத்துக்குள் உன் சொல் என் சொல் என்று உண்டா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தவள்தான் அவள், இந்தக் காலை வரைக்கும். க் போடுவதற்காக அந்தக் கோப்பைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அப்படியே ஓடியிருக்கும். களஞ்சியத்தின் உள்ளே இருக்கிற சொல் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும், அவள்தான் செய்தாள், வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்த நாள் முதலாக, உலை கொதிக்கிற நேரத்திலும் காய்ச்சலில் படுத்த நேரத்திலும், பத்துப் பன்னிரண்டு வருஷமாக. முகப்புப் பக்கங்களை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திறந்தாள். தொகுப்பாசிரியர் முனைவர் கோ. அறவாழி என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே யாருடைய பெயராவது இருக்கிறதா என்று கண் தானாகத் தேடிற்று, வெள்ளைதான் இருந்தது. அடுத்த பக்கம் நன்றியுரை. கல்லூரிச் செயலருக்கு, முதல்வருக்கு, துறை நண்பர்களுக்கு, மெய்ப்பு நோக்கிய மாணவர்க்கு, அச்சகத்தார்க்கு, எல்லாரும் வந்து போன பிறகு, பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் கூப்பிடுவார்களே அந்த மாதிரி, கடைசி வரியில்: கையெழுத்துப் படியைப் பிழையறத் தட்டச்சிட்டு உதவிய என் துணைவியார் திருமதி பங்கயம் அறவாழிக்கும் நன்றி. கையெழுத்துப் படியா? எந்தக் கையெழுத்து? யார் கை? ஒரு துண்டுச் சீட்டு உண்டா அப்படி? பெயராவது ஒழுங்காக இருக்கிறதா, அவள் பெயர் பங்கயச்செல்வி, அப்பா வைத்தது, அதில் பாதியை வெட்டிவிட்டுத் தன் பெயரை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார். க் விட்டுப்போனதற்கு மானம் போச்சாம். செல்வி விட்டுப்போனது கண்ணிலேயே படவில்லை. அந்த உம் வேறு, அறவாழிக்கும், போனால் போகிறது என்று கடைசியில் சேர்த்துக்கொண்ட உம். அவளுக்குக் காதுமடல் கொதித்தது. இது மாலையில் அச்சேறிவிட்டால் அவ்வளவுதான், ஆயிரம் பிரதி, நூலகம் நூலகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அவள் செத்த பிறகும் தட்டச்சிட்டுக்கொண்டே இருப்பாள்.

பெயரை மாற்றுவதென்று அப்போது முடிவு செய்யவில்லை அவள். முதலில் க் போடுவோம், அப்புறம் பார்ப்போம் என்றுதான் விரலை வைத்தாள், கோபத்திலும் ஒற்றுப்பிழை பொறுக்காத பிறவி. க் திரையில் விழுந்தது. சேமிக்கப் போனால் முடியாது, படிக்க மட்டும். கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தாள், உரிமையாளர் என்ற இடத்தில் ரூட் என்றிருந்தது. லினக்ஸில் ரூட் என்றால் சர்வவல்லமை உள்ள பெரியவர், குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் மாதிரி, வீட்டில் யார் சமைத்தாலும் யார் பெருக்கினாலும் பெயர் அவருடையது. சரி, உரிமையாளரை மாற்றுவோம் என்று வட்டை இறக்கி, கறுப்புச் சாளரத்தில் கட்டளை அடித்து, இதன் உரிமையாளர் நான் என்று தன் அடையாளத்தைக் கொடுத்து மறுபடி ஏற்றினாள். இப்போது பண்புகளைப் பார்த்தால் உரிமையாளர் பங்கயம் என்று இருக்கிறது. ஒரு கணம் நெஞ்சுக்குள் குளிர்ந்தது, அதற்குள்ளாகவே அது பொய் என்று அவளுக்கு நினைவு வந்தது, இந்தப் பொய்யைப் பற்றிக் களஞ்சியத்தில் நீளமாகக் குறிப்பெழுதியவளே அவள்தானே. அந்நிய வட்டுக்கும் அவள் கணினிக்கும் நடுவில் டிரைவர் என்று ஒன்று நிற்கிறது, அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்த துபாஷி மாதிரி. அந்த வட்டில் யாருக்கு என்ன உரிமை என்று எழுதியிருப்பது அந்தப் பக்கத்து வழக்கு, இந்தப் பக்கத்துக்குப் புரியாது, ஆகவே துபாஷி தன் இஷ்டத்துக்கு எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயரைச் சொல்லிவிடும். நீ யார் பெயரைச் சொல்லச் சொல்கிறாயோ அந்தப் பெயர். வட்டில் ஒன்றும் மாறியிருக்காது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இவதான் இந்த வீட்டுக்கு மகாராணி என்று அறவாழி சொல்வாரே, அதுபோல. இன்னொரு வேடிக்கையும் உண்டு, நல்ல நாளில் அந்த வட்டில் ஒரு கோப்பின் அனுமதியை மாற்று என்று கட்டளை கொடுத்தால், அது மறுக்காது, பிழை என்றும் சொல்லாது, ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும், திரும்பப் பார்த்தால் பழையபடியே கிடக்கும். ஏங்க, புத்தகத்துல என் பேரும் வருமில்ல என்று போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. பாத்துக்கலாம் பங்கயம் என்றார். அதுவும் தலையாட்டல்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே என்பார்கள், இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆள், கேட்கிறவளுக்கு மட்டும் பிரசாதம்.

வாசல் மணி அடித்தது. கீழே இறங்கிப் போனால் சிலிண்டர்க்காரர் அழகர், தோளில் துண்டு, முகமெல்லாம் வேர்வை, சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்துவிட்டார். "அக்கா, ஓடிபி சொல்லுங்க." ஓடிபி இவளிடம் ஏது, அது அவர் கைபேசிக்குப் போகும். கூப்பிட்டாள். எடுத்தது முகிலன், அவருடைய ஆய்வு மாணவன். "அம்மா, ஐயா அமர்வுல இருக்காங்கம்மா. ஃபோன் என்கிட்டதான் குடுத்திருக்காங்க." "ஒரு ஓடிபி வந்திருக்கும், பாத்துச் சொல்லேன்ப்பா." "வந்திருக்குன்னு காட்டுதும்மா, ஆனா என்னன்னு காட்டல. லாக்ல இருக்கு. கூப்பிட்டா எடுக்க மட்டுந்தான்ம்மா எனக்கு முடியும்." அவனுக்கும் அப்படி ஒரு அளவு வைத்துக் கொடுத்திருக்கிறார். அழகரிடம் திரும்பி, "வீடு இதுதான், அடுப்பு இதுதான், நாந்தான் சமைக்கறேன், வருஷக்கணக்கா என்னைத்தான பாக்கறீங்க, வெச்சுட்டுப் போங்களேன்" என்றாள். அவர் பாவம், தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியாதாக்கா? ஆனா கனெக்ஷன் சார் பேர்லல்ல இருக்கு. நம்பர் போடாம விட்டா என் பொழப்பு போயிரும். நாளைக்கு வரேன், சார்கிட்ட சொல்லி வைங்க." வைத்த சிலிண்டரை மறுபடி சாய்த்து உருட்டிக்கொண்டு போனார், அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. உள்ளே இருக்கிற சிலிண்டர் தீர்ந்து அடுப்பு எந்த நேரமும் அணைந்துபோகலாம். போகட்டும். பொன்னாடை போர்த்திக்கொண்டு வருகிறவருக்குப் பசிக்காது.

மாடி ஏறும்போது வியர்வை முதுகில் ஒழுகியது. மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை கறுப்புச் சாளரத்தில் ரூட்டாகவே மாறிப் பார்த்தாள், அவள் பக்கத்தில் அவள்தானே ரூட், அந்தக் கடவுச்சொல் அவளுடையதுதான். ரூட்டுக்கும் அதே பதில். விண்டோஸ் முழுமையாக மூடப்படவில்லை, வட்டு பாதுகாப்பற்ற நிலையில் உள்ளது, ஆகவே படிக்க மட்டும் ஏற்றப்பட்டது. பட்டது, பட்டது, எல்லாம் பட்டது. ஏற்றப்பட்டது, மறுக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. இந்தப் பட்டதுகளோடு அவள் மல்லுக்கட்டிய ஒரு காலம் உண்டு. மென்பொருளின் செய்திகளைத் தமிழாக்கிய குழுவில் அவளும் இருந்தாள், அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது, யார் மறுத்தார் என்று சொல்ல வேண்டாமா ஐயா என்று கேட்டாள். குழுவில் ஒரு பெரியவர், கணினிக்கு ஏதம்மா யாரு, செயப்பாட்டுவினைதான் பண்பாக இருக்கும் என்றார். பண்பாம். அடிக்கிறவன் பெயர் தெரியாமல் அடி மட்டும் விழுந்தால் பண்பு. முன்னுரையில் அறவாழி எழுதியிருக்கிற வாக்கியமும் அப்படித்தான், இக்களஞ்சியம் பல்லாண்டு உழைப்பில் உருவாக்கப்பட்டது. பொய்யில்லை பாருங்கள். பல்லாண்டுதான், உழைப்புதான், உருவாக்கப்பட்டதும் உண்மைதான். யாரால் என்பதை மட்டும் பண்பாக விட்டுவிட்டார். இலக்கணம் படித்த மனிதரல்லவா.

முழுமையாக மூடப்படவில்லை என்பதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அவர் நேற்று நிறுத்து என்று அழுத்திவிட்டு, திரை இருண்டதும் நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு பெட்டி கட்டப் போய்விட்டார். அந்த விண்டோஸ் அப்படி நிற்காது. அடுத்த தடவை சீக்கிரம் எழ வேண்டும் என்று நினைவையெல்லாம் ஒரு கோப்பில் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு தூங்குகிறது, வட்டின் மேல் ஒரு கையைப் போட்டபடியே. அந்தக் கை இருக்கும்வரை வேறு யாரும் எழுதக்கூடாது. இந்த அமைப்பை அணைத்துவிடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள், பாத்துக்கலாம், பாத்துக்கலாம். ஒரு வழி இருக்கிறது. துபாஷியிடமே சொல்லலாம், அந்தத் தூக்க மூட்டையை அழித்துவிட்டு ஏற்று என்று. ஒரே வரிக் கட்டளை. அடித்தும் விட்டாள், விரல் என்டர் மேல் நின்றது. அழித்தால் நேற்று அவர் திறந்து வைத்து, சேமிக்காமல் விட்ட எல்லாம் போய்விடும். என்ன வைத்திருந்தாரோ, பாதி எழுதிய கட்டுரையோ, யாருக்கோ கடிதமோ, தெரியாது. போகட்டுமே என்று ஒரு குரல், நன்றாகப் போகட்டும் என்று இன்னொன்று, விரல் மட்டும் இறங்கவில்லை. ஒரு முறை அவர் தேவையில்லாத கோப்புகளைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி ம எழுத்தை முழுக்க அழித்துவிட்டார், மகரத்தில் தொடங்குகிற அத்தனை சொல்லும். தேவையில்லாததுன்னு நெனச்சேன் என்றார். அவள் மூன்று மழைக்காலத்து வேலையை நினைவிலிருந்து திரும்ப உட்கார்ந்து செய்தாள், அப்போது அழுகைகூட வரவில்லை. அதை இன்னொருவருக்குச் செய்ய அவளால் ஆகாது, அவருக்கே ஆனாலும். அடித்த வரியை ஒவ்வொரு எழுத்தாய்ப் பின்னாலிருந்து அழித்தாள். இந்த நல்ல குணம்தான் என்னைக் கெடுத்தது என்று அதன் மேலும் ஒரு கோபம் வந்தது.

கைபேசி அடித்தது, அச்சகத்து ஷாகுல் பாய். "மேடம், ஃபைல் வரலியே. ஆறு மணிக்கு மெஷின்ல ஏத்திருவோம். ஆளுங்களை நிக்க வெச்சிருக்கேன்." "ஒரு சின்னச் சிக்கல் பாய். அனுப்பறேன்." "என்ன மேடம் சிக்கலு, ஒரு ஒத்துதான? சார் காலையில எனக்கும் போன் போட்டுப் படபடத்தாரு. நானும் அந்தப் பழைய பக்கத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், என் கண்ணுக்கு அதுல ஒரு தப்பும் தெரியல." "எனக்குத் தெரியுது பாய்" என்றாள், குரல் தனக்கே வேறு மாதிரி கேட்டது. அவர், "சரி மேடம், ஆறு மணி" என்று வைத்துவிட்டார். பயம் அப்போதுதான் வந்தது. பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்று முழுதாக யோசித்துப் பார்த்தாள். கத்த மாட்டார் அறவாழி, கத்தினால்கூடத் தேவலை. பேசாமல் இருப்பார். பேசாமல் இருந்தே கொல்கிற வித்தை அவருக்குக் கைவந்த கலை, சாப்பிட வாங்க என்றால் வந்து சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், பேப்பர் படிப்பார், வாரக்கணக்கில் வீட்டில் ஒரு சொல் இருக்காது, சொல்லே தொழிலாக இருக்கிற வீட்டில். கல்லூரியில் என்ன பேசுவார்கள்? பெண்டாட்டி புருஷனை இறக்கிவிட்டுத் தான் ஏறிக்கொண்டாள் என்பார்கள். அம்மா உயிரோடிருந்தால், விடுடி, அவர் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானே என்பாள். அது எப்படி? அவருக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கா மாத்திரை கொடுக்கிறார்கள்? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தாராளமாகப் பரிமாறுகிறவனைச் சொல்வார்கள், இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் அவளுடையது, பெயர் மட்டும் பந்தி விசாரிக்கிறவருக்கு. இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மணி ஓடிக்கொண்டிருந்தது, திரையில் அந்த வரி அப்படியே நின்றது.

படிக்க மட்டும். வாய்விட்டுச் சொன்னாள். படிக்க. படி. சொல்லைப் பிரித்துப் பார்க்கிற பழைய பழக்கம், கோபத்திலும் தூக்கத்திலும் போகாதது. படி என்றால் வாசி. படி என்றால் மாடிப்படி. படி என்றால் அளக்கிற படி. படி என்றால். அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். காப்பி என்பதற்கு நகல் வேண்டாம், நமக்குப் படி என்று சொந்தமாகவே ஒரு சொல் இருக்கிறது, படியெடு என்று சொல்லுவோம் என்று ப எழுத்தில் அரைப்பக்கம் குறிப்பு எழுதியவள் யார்? படிக்க விட்ட கோப்பைப் படியெடுக்க யாருடைய அனுமதி வேண்டும்? ஒருவருடையதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்ததைத் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தால் முடிந்தது, தூங்குகிற விண்டோஸின் ஒரு மயிரிழையும் அசையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த வேலை. கணினியில் முதுகலை படித்தவள், காலையிலிருந்து இறக்கி ஏற்றி, ரூட்டாக மாறி, துபாஷியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாளே, இது ஏன் தோன்றவில்லை? ஏனென்றால் படி கிடி எடுக்காத என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னதோடு அந்தக் கதவு அவளுக்குள்ளேயே சாத்திக்கொண்டது, சாத்தியது தெரியாமலே சாத்திக்கொண்டது, வட்டு மறுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், இதைத் தனக்குத் தானே மறுத்துக்கொண்டவள் அவள். இன்றைக்குக் கிடைத்த அவமானங்களில் இதுதான் அவளுக்கு மிகவும் வலித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டு, சீ என்று சொல்லிவிட்டுப் படியெடுத்தாள்.

அவள் பக்கத்து ஃபோல்டரில், அவள் சொல்லில் அடைவில், கோப்பு வந்து உட்கார்ந்தது. பண்புகளைத் திறந்தாள், உரிமையாளர் பங்கயம். இந்த முறை நடுவில் துபாஷி யாரும் இல்லை, வட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. படிக்கலாம், எழுதலாம். முதலில் க் போட்டாள், போடாமல் மேலே போக அவளால் ஆகவில்லை. பிறகு தொகுப்பாசிரியர் என்ற சொல்லின் கீழே போய் நின்றாள். முனைவர் கோ. அறவாழி. அழிக்கும்போது, அவர் பெயரைக் காலண்டரில் எழுதிப்பார்த்த கல்யாணத்துப் புதிது ஒரு கணம் குறுக்கே வந்தது உண்மை. அழித்தாள். சி. பங்கயச்செல்வி என்று அடித்தாள். முழுப் பெயரையும் அடித்து எவ்வளவு நாளாயிற்று, செல்விக்கு முன்னால் வருகிற ச் ஒரு கணம் கூடுதலோ என்றுகூடத் தோன்றிவிட்டது, பார்த்தீர்களா அநியாயத்தை. கீழே ஒரு வரி வெள்ளையாக விட்டாள். முன்னுரையைத் தொடவில்லை, அது அவர் எழுதியது, அவர் பெயரோடு இருக்கட்டும், கல்லூரியில் அலைந்து நிதி வாங்கியதும் அவர்தான், இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. நன்றியுரையின் கடைசி வரியை மட்டும் எடுத்தாள். அந்த இடத்தில் தேநீர் போட்டுக் கொடுத்து உதவிய என் கணவருக்கும் என்று அடித்துப் பார்த்தாள், தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு அதை அழித்துவிட்டாள், அவர் ஒருநாளும் தேநீர் போட்டதில்லை, அச்சில் பொய் வரக்கூடாது. அனுப்பு என்பதை அழுத்தினாள். போய்விட்டது. உடம்பு முழுக்கக் கொதிப்பாக இருந்தது, எழுந்து போய்ப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தாள், சேலையில் சிந்தியதைக் கவனிக்கவில்லை.

ஷாகுல் பாய் உடனே கூப்பிட்டார். "மேடம், ஒத்து வந்துருச்சு. ஆனா பேரு..." "சரியாத்தான் இருக்கு பாய்." "இல்ல மேடம், சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே, எனக்கு எதுக்கு வம்பு." இதற்கும் ஒரு அனுமதி. சிரிப்பா கோபமா என்று தெரியாமல், "தாராளமாக் கேளுங்க" என்றாள். கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் ஆகவில்லை. அறவாழி. பின்னணியில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், யாரோ மைக்கைத் தட்டுகிறார்கள், ஐயா காபி என்கிறான் முகிலன். கத்துவாரோ, பேசாமலே இருப்பாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதில் வைத்தாள். அவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, அன்பாகவே பேசினார்.

"என்ன பங்கயம் இது? உன் பேரு வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நானே போட்டிருப்பேனே. வேணாம்னா சொல்லுவேன்?"

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. காலையிலிருந்து வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பாள், பேசாமல் இருந்திருந்தால் பயந்திருப்பாள், இந்தப் பெருந்தன்மையை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்க பேரைப் போட்டீங்களே, அப்ப நீங்க யாரைக் கேட்டீங்க?"

முகிலனைத் தள்ளிப் போகச் சொல்லும் குரல் கேட்டது. ஒரு கதவு சாத்தியது. பிறகு, முன்னைவிடச் சின்னதாக, "சரி... இப்ப என் பேரு எங்கதான் இருக்கு?" என்றார்.

"முன்னுரைக்குக் கீழ இருக்கு. முகப்புல என் பேருக்குக் கீழ ஒரு வரி இடம் விட்டிருக்கேன். வேணும்னா கேளுங்க, போடறேன்" என்றாள் பங்கயச்செல்வி. "ஆறு மணிக்குள்ள கேக்கணும்."